டிசைன் வழக்கில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு செல்போன் கடையில் நான்கு கம்பெனி போன்களை அணைத்து, திரை மேலே தெரிகிற மாதிரி கண்ணாடி மேசையில் வரிசையாக வையுங்கள். எது எந்தக் கம்பெனி என்று சொல்லக் கடைக்காரரே ஒரு நொடி தயங்குவார். நான்கும் கறுப்புக் கண்ணாடி, நான்குக்கும் மழுங்கிய மூலை. அப்படியானால் நான்கு கம்பெனியும் ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போட்டிருக்க வேண்டாமா? சிலர் போட்டார்கள், அதில் கோடிக்கணக்கான டாலர் கைமாறியது. பலர் போடவில்லை, போட்டாலும் நிற்காது என்று அவர்கள் வக்கீலுக்குத் தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ, பை, பெல்ட் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. ஆப்பிளும் சாம்சங்கும் எந்தக் கருத்தை வைத்து ஏழு வருடம் சண்டை போட்டனவோ, ஒரு ஷூவின் மேல்பகுதியான அப்பருக்கும் அடிப்பகுதியான சோலுக்கும் பொருந்துவது அதே கருத்துதான்.

ஒரு போனுக்குள் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு பேட்டன்ட். பெயருக்கும் முத்திரைக்கும் டிரேட்மார்க். உள்ளே ஓடும் மென்பொருளின் வரிகளுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்). பார்வைக்கு அது எப்படி இருக்கிறது என்பதற்கு டிசைன். அமெரிக்காவில் இந்தக் கடைசி வகைக்கும் "டிசைன் பேட்டன்ட்" என்றே பெயர் என்பதால், நம் செய்திகளில் எல்லாமே "பேட்டன்ட் வழக்கு" ஆகிவிடுகிறது. படிக்கிறவர் குழம்புவது அங்கேதான்.

இந்தியாவில் இதற்குத் தனிச் சட்டம்: டிசைன் சட்டம், 2000. உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடு அல்லது நிறங்களின் சேர்க்கை ஆகியவை, செய்து முடித்த பொருளில் கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படுபவையாக இருந்தால் அது டிசைன். "கண்ணால் மட்டுமே" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திர வேலைக்காக அமைந்த பாகம் இதற்குள் வராது.

நாலெல்லை

நிலம் வாங்கியவர்களுக்கு இதை எளிதில் புரியவைக்கலாம். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவார்கள்: கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே கிணற்றுமேடு, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம். அந்த நாலெல்லைக்குள் இருப்பதுதான் வாங்கியவருக்குச் சொந்தம். டிசைன் பதிவில் செக்குபந்தியின் வேலையைச் செய்வது படம். அமெரிக்கப் பதிவுகளில் முழுக்கோடாக வரைந்தது உரிமை; புள்ளிக்கோடாக வரைந்தது பக்கத்து நிலம், இடம் புரிவதற்காகக் காட்டியது. ஐபோனின் முகப்புக்காக ஆப்பிள் வாங்கிய பதிவில் கறுப்பான, தட்டையான முன்பக்கம்தான் உரிமை. உடம்பின் மற்ற பகுதிகள் புள்ளிக்கோடு.

ஆகவே வழக்கில் இவருடைய பொருளை அவருடைய பொருளோடு ஒப்பிடுவதில்லை. இவருடைய பதிவுப் படத்தை அவருடைய பொருளோடு ஒப்பிடுகிறார்கள். கடையில் விற்கும் பொருள் பதிவுப் படத்திலிருந்து விலகியிருந்தால், எதிரி கடைப்பொருளை அச்சாகச் செய்திருந்தாலும் வழக்கு நொண்டும். "பார்த்துத்தான் செய்தான்" என்று நிரூபித்தாலும் அது ஒன்றே போதாது. பார்க்காமல் செய்தேன் என்று எதிரி சொன்னாலும் அவர் தப்பிவிட மாட்டார். நம் சட்டத்தில் "மோசடியான அல்லது வெளிப்படையான போலி" என்று இரண்டு சொல்லியிருக்கிறது. வெளிப்படையான போலிக்கு எண்ணம் எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை.

யாருடைய கண்ணால் ஒப்பிடுவது? இதற்கு 1871-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. வழக்கு வெள்ளிக் கரண்டி, முட்கரண்டிகளின் கைப்பிடியைப் பற்றியது. நிபுணர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் பத்து வித்தியாசம் சொல்வார், அது கணக்கில்லை. வழக்கமான கவனத்தோடு வாங்க வரும் ஒருவர், ஒன்றை மற்றொன்று என்று நினைத்து ஏமாந்து வாங்கிவிடுவாரா என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் அமெரிக்காவில் அதே அளவுகோல்தான். ஐரோப்பாவில் கொஞ்சம் விவரம் தெரிந்த பயனாளியின் கண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

கழித்துவிட்டுப் பார்ப்பது

அந்தக் கண்ணால் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களுக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். ஒன்று, வேலைக்காக அப்படித்தான் இருந்தாக வேண்டியவை. மற்றொன்று, ஏற்கெனவே உலகத்தில் இருந்தவை. நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போல, டிசைனுக்குப் பழைய டிசைன்களைத் தேடிப் பார்க்கிறார்கள். மிஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் உரிமையின் அகலம்.

ஆப்பிள் வழக்கில் இந்த இரண்டும் எப்படி வேலை செய்தன என்று பார்த்தால் போதும், கருத்து பிடிபட்டுவிடும்.

2011 ஏப்ரலில் ஆப்பிள், சாம்சங் மேல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி லூசி கோ. டிசைன் பதிவுகளாக முன்வைத்தவை நான்கு: போனின் கறுப்பு முகப்பு ஒன்று, விளிம்புப் பட்டையோடு கூடிய முகப்பு ஒன்று, வண்ணச் சதுர ஐகான்கள் வரிசை கட்டிய திரை ஒன்று, டேப்லெட்டின் உருவம் ஒன்று. இவற்றோடு வேலை செய்யும் முறைக்கான பேட்டன்ட்களும், "பார்த்தாலே எங்கள் பொருள் என்று தெரியும் தோற்றம்" என்ற டிரேட்மார்க் வகை உரிமையும் சேர்ந்தே இருந்தன. 2012 ஆகஸ்ட் 24 அன்று ஜூரி ஆப்பிளுக்குச் சுமார் 105 கோடி டாலர் என்று தீர்ப்பளித்தது. டேப்லெட் உருவத்தில் மட்டும் சாம்சங் மீறவில்லை என்றது.

2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தோற்ற உரிமையைத் தள்ளிவிட்டது. மழுங்கிய மூலை சட்டைப்பையில் போட எடுக்க வசதி, கீழே விழுந்தால் தாங்கும். ஆகவே அது பயன்பாடு, முத்திரை அல்ல என்பது காரணங்களில் ஒன்று. ஆனால் அதே மூலைகள் இருக்கும் டிசைன் பேட்டன்ட்கள் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முரண்பாடாகத் தெரியலாம், ஆனால் முரண்பாடு இல்லை. மழுங்கிய மூலை என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. படத்தில் இருக்கும் அந்த மூலை, அந்தத் தட்டைக் கண்ணாடி, அந்தக் கறுப்பு, அந்த ஓரத்தின் அளவு எல்லாம் சேர்ந்த ஒரு முகம் மட்டும் சொந்தம். "ஆப்பிள் செவ்வகத்துக்கே பட்டா வாங்கிவிட்டது" என்று அப்போது அடித்த கேலி, இந்த இடத்தைத் தாண்டிப் போனதால் வந்தது.

டேப்லெட்டின் கதை வேறு. ஆப்பிள் 2004-இல் ஐரோப்பாவில் பதிந்த ஒரே டிசைனை வைத்து வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு முடிவு வந்தது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நீதிமன்றம் 2011-இல் கேலக்ஸி டேப் 10.1-க்குத் தடை போட்டது. சாம்சங் பக்கவாட்டு பிரேமை அகலமாக்கி, ஸ்பீக்கரை முன்பக்கம் கொண்டுவந்து 10.1என் என்று புதிதாக விட்டது. அதற்குத் தடை கொடுக்க அதே நீதிமன்றம் 2012-இல் மறுத்தது. படத்துக்கு வெளியே நகர்வது என்றால் இதுதான்: பொருளின் பயன் அப்படியே, கண்ணில் படும் இரண்டு மூன்று இடம் மட்டும் வேறு.

லண்டனில் 2012 ஜூலையில் நீதிபதி பர்ஸ் இன்னும் சுவையாகச் சொன்னார். பழைய டேப்லெட்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். முன்பக்கம் தட்டையான செவ்வகமாக இருப்பது ஆப்பிளுக்கு முன்பே வந்துவிட்ட குடும்பச் சாயல். மிஞ்சியது ஆப்பிளின் ஒட்டுமொத்த எளிமை. சாம்சங்கின் பின்பக்கத்தில் அந்த எளிமை இல்லை. சாம்சங் டேப்லெட் "அந்த அளவுக்குக் கூல் இல்லை", ஆகவே மீறல் இல்லை என்று எழுதினார். தோற்றவருக்குப் பாராட்டும், ஜெயித்தவருக்குத் திட்டும் கிடைத்த அபூர்வத் தீர்ப்பு அது. மீறல் இல்லை என்ற தீர்ப்பை ஆப்பிள் தன் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும் என்று உத்தரவானது. ஆப்பிள் அதில் குத்தலாகச் சில வரிகள் சேர்க்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தி மறுபடி போடச் சொன்னது.

பணக் கணக்கு

அமெரிக்காவில் தொகை ஏன் இவ்வளவு பெரிதானது என்பதற்குக் காரணம் ஒரு கம்பளம். 1885-இல் கம்பள டிசைன் வழக்கில் ஜெயித்தவருக்கு நஷ்டஈடாக உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது 6 சென்ட். டிசைனால் வந்த லாபம் எவ்வளவு, கம்பளத்தின் தரத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக்காட்ட அவரால் முடியவில்லை. அதைச் சரிசெய்ய 1887-இல் புதுச் சட்டம் வந்தது: டிசைனை மீறினால் அந்தப் பொருளின் மொத்த லாபத்தையும் கொடுக்க வேண்டும். கம்பளத்தில் டிசைன்தான் எல்லாம் என்பதால் அங்கே அது நியாயம். போனில்? உள்ளே சிப், பேட்டரி, கேமரா, மென்பொருள் என்று எத்தனையோ இருக்க, முகப்புக்காக மொத்த லாபமா?

டிசைன் மீறலுக்காக விதித்த 39.9 கோடி டாலரைக் குறித்து இந்தக் கேள்வி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. "பொருள்" என்பது கடையில் விற்கும் முழு சாமானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எந்தப் பாகம் என்பதை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டார்கள். 2018 மே மாதம் மறுபடி ஜூரி உட்கார்ந்து 53.9 கோடி டாலர் என்றது; பெரும்பகுதி டிசைனுக்காகவே. சட்டக் கேள்வியில் ஜெயித்த சாம்சங்குக்குக் கணக்கில் தொகை குறையவில்லை. அடுத்த மாதமே இரு தரப்பும் சமாதானம் பேசி முடித்துக்கொண்டன.

நம் நாட்டில் இந்த அளவுக் கனவு வேண்டாம். டிசைன் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் இரண்டு வழி. ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாமல் கடன்தொகை போல வசூலிப்பது ஒன்று. நஷ்டஈடும் தடையுத்தரவும் கேட்டு வழக்குப் போடுவது மற்றொன்று. எல்லோரும் இரண்டாவதைத்தான் பிடிக்கிறார்கள், அதிலும் குறி இடைக்காலத் தடை மேல். சரக்கு குடோனில் தேங்கினால் எதிரி தானாகப் பேச்சுக்கு வருவார் என்பது கணக்கு.

2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வேர்ல்பூலும் வீடியோகானும் வாஷிங் மெஷினுக்காக மோதின. ஒரு பக்கம் செவ்வகமாகவும் மறுபக்கம் வளைவாகவும் இருக்கும் உருவம் வேர்ல்பூலின் பதிவு. வீடியோகான், எங்களுக்கும் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது என்றது. பிறகு வாங்கிய சான்றிதழ் முன்னதாகப் பதிந்தவரைத் தடுக்காது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. பதிவு செய்துவிட்டோம், இனி யாரும் தொட முடியாது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைக்கலாம்.

எதிர்ப்பக்க உதாரணம் க்ராக்ஸ் செருப்பு. ஓட்டை போட்ட அந்த "க்ளாக்" (clog) வகைச் செருப்பின் டிசைனுக்காகப் பல இந்தியக் கம்பெனிகள் மேல் தொடுத்த வழக்கில் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை மறுத்தது. பதிவுத் தேதிக்கு முன்பே அந்த உருவம் இணையத்தில் வெளியாகியிருந்தது, அதுவும் க்ராக்ஸின் சொந்தத் தளத்திலும். தன் கையால் தன் டிசைனைப் பழையதாக்கிக்கொள்வது என்பது இதுதான்.

பதியும்போது எங்கே தவறுகிறது

ஆம்பூர் தொழிற்சாலைகளில் மிக அதிகமாக டிசைன் சாவது வாட்ஸ்ஆப்பிலும் கண்காட்சியிலும். புது சாம்பிள் முடிந்த சூட்டில் படம் எடுத்துப் பத்துப் பையருக்கு (சரக்கு வாங்கும் கம்பெனிக்கு) அனுப்புவார்கள், வெப்சைட்டில் ஏற்றுவார்கள். இந்தியச் சட்டப்படி விண்ணப்பத்துக்கு முந்தைய நாள் வரை உலகத்தில் எங்குமே அது வெளியாகியிருக்கக் கூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொந்தமாக வெளியிட்டால் 12 மாதம் சலுகை உண்டு. "ஒரு வருஷம் டைம் இருக்கு" என்று வெளிநாட்டுப் பையர் சொல்வது அவர் ஊருக்குச் சரி, இங்கே செல்லாது. ரகசியம் காக்கும் உடன்பாட்டோடு ஒரு பையருக்குக் காட்டுவது வெளியீடு ஆகாது. ஆகவே சாம்பிள் அனுப்பும் மெயிலிலேயே அந்த நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். நந்தம்பாக்கத்தில் நடக்கும் தோல் கண்காட்சி போன்றவற்றில் வைப்பதானால், அரசு அறிவித்த கண்காட்சிக்கு மட்டும், டிசைன் பதிவுக்குப் பொறுப்பான அரசு அதிகாரியான கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, காட்டியதிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கும் வழி உண்டு. முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி என்பதே தொல்லையில்லாத வரிசை.

விண்ணப்பத்தைச் சென்னை கிண்டி அலுவலகத்திலோ ஆன்லைனிலோ கொடுக்கலாம், பரிசீலனை கொல்கத்தாவில். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. வகை எண் தவறக் கூடாது: காலணி 02-04, போன் 14-03. வெள்ளைப் பின்னணியில் முன், பின், இடம், வலம், மேல், கீழ், சாய்வு என ஏழு பார்வை. ஷூவுக்குக் கீழ்ப்பார்வையை விட்டால் சோல் டிசைன் பாதுகாப்பில்லாமல் போகும். ஏழு படமும் ஒரே ஷூவாக இருக்க வேண்டும்; இடது கால் படத்தில் கயிறு கோர்க்கும் கண்ணி ஆறு, சாய்வுப் படத்தில் ஐந்து என்று வந்தால் ஆட்சேபம் வரும். லோகோவை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். புதுமை எதில் என்று சொல்லும் வாக்கியத்தில் "உருவத்திலும் அமைப்பிலும்" என்று மட்டும் எழுதினால் மொத்த ஷூவையும் குறிக்கும். புதிது பக்கவாட்டுப் பட்டை மட்டும்தான் என்றால் அந்தப் பகுதியைக் குறிப்பிடுவதே பலம். ஆட்சேபங்களைத் தீர்த்து முடிக்க விண்ணப்பத் தேதியிலிருந்து 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். உரிமை 10 வருடம், முடிவதற்குள் கட்டணம் கட்டினால் மேலும் 5. வெளிநாட்டிலும் வேண்டுமென்றால் முதல் விண்ணப்பத்திலிருந்து 6 மாதத்துக்குள். பொருளில் பதிவு எண்ணைக் குறிக்காமல் விற்றால் நஷ்டஈடு கேட்கும் உரிமை பலவீனமாகும், பலர் மறப்பது இது.

ஜாப் வொர்க்கில் உரிமை யாருக்கு என்பதில் எப்போதும் சச்சரவு. பணம் வாங்கிக்கொண்டு பையருக்காக வரைந்த பேட்டர்ன் சட்டப்படி பையருடையது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அதையே அடுத்த பையருக்கு நிறம் மாற்றி ஓட்டினால் முதல் பையர் வழக்குப் போட முடியும். மறுபுறம், பையர் கொடுத்த சாம்பிளே இன்னொருவருடைய டிசைனாக இருந்தால், செய்த தொழிற்சாலையும் மாட்டும். டிசைனைப் பொருளில் பதிப்பதே மீறல், விற்பது மட்டுமல்ல. ஆர்டரில் "டிசைன் உரிமைப் பிரச்சினை வந்தால் பையர் பொறுப்பு" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று கட்டிங்குக்கு முன் பாருங்கள்.

டிசைனை மீறிவிட்டீர்கள் என்று உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் பதிவு எண்ணை எடுத்து, அரசுத் தளத்தில் அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறதா, தேதி என்ன, படம் எப்படி என்று பாருங்கள். எண்ணே இல்லாத மிரட்டல் நோட்டீஸும் வரும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றம் போகவும் சட்டத்தில் இடமுண்டு. பிறகு அந்தத் தேதிக்கு முந்தைய கேடலாக், இணையதளத்தின் பழைய பக்கங்கள், ஏற்றுமதி இன்வாய்ஸ், தேதியோடு கூடிய படங்களைச் சேருங்கள். கிடைத்தால் கன்ட்ரோலரிடம் 19-ஆம் பிரிவில் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். வழக்கு வந்துவிட்டால் அதே காரணத்தை எதிர்வாதமாகவும் வைக்கலாம். அப்படி வைத்தால் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நிற்காது, உயர் நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டும். இதை 2020-இல் ஒரு பிளாஸ்டிக் டப்பா வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. வேலூரில் தொடங்கிய வழக்கு சென்னைக்குப் போகும், செலவுக் கணக்கும் மாறும். நோட்டீஸ் கையில் கிடைத்த வாரமே கேவியட் மனு போட்டு வைப்பது நல்லது. 90 நாள் அது உயிரோடு இருக்கும்; அதற்குள் உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்க முயன்றால் முதலில் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும்.